இறைவன் காணும் காட்சி

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநீர்மலையில் கூட்டம் அதிகம். அடையாற்றின் மறுகரையிலுள்ள திருமுடிவாக்கத்திலிருந்தும் பல குடும்பங்கள் விடியற்காலையிலேயே வந்து சேர்கின்றன. அப்படி வந்த ஒரு குடும்பத்தில் மகனும் மருமகளும் எட்டு வயதுப் பேரனும் மலைப்படிகளில் ஏறிச் சென்றனர். எழுபது வயதைக் கடந்த பாட்டி மட்டும் அடிவாரத்தில் தங்கிவிட்டார். ஒரு காலத்தில் இடுப்பில் குழந்தையோடு அவர் ஏறிய படிகள்தாம் அவை. இப்போது முழங்கால்கள் இசையவில்லை. கீழ்க்கோயிலில் நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மண்டபத் தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. வீட்டுப் பூஜை அறையில் ஒரு வாரமாகச் சேர்ந்த வாடிய பூக்கள் அதில் இருந்தன. திருக்குளத்தில் சேர்த்துவிடலாம் என்று எடுத்து வந்தவை.

சற்று நேரத்தில் பேரன் படிகளில் தாவி இறங்கி ஓடி வந்தான்.

"பாட்டி! மேலேயிருந்து பார்த்தா ஏரோப்ளேன் இறங்குறது தெரியுது. ஆறு தெரியுது. நம்ம வீடு எந்தப் பக்கம்னு அப்பா காட்டினாரு!"

பின்னால் வந்த மருமகளுக்குச் சற்று வருத்தம். "பெருமாளைச் சேவிக்கக் கூட்டிட்டுப் போனா, இவன் வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறான் அத்தை" என்றார்.

பையன் முகம் வாடியது. ஆனாலும் அவனிடம் ஒரு கேள்வி மீதமிருந்தது. "பெருமாள் எப்பவும் அங்கேதானே இருக்காரு? அவரும் இதையெல்லாம் பார்ப்பாரா பாட்டி?"

யாரும் உடனே விடை சொல்லவில்லை. ஆயினும் அது விடையில்லாத கேள்வி அன்று. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு ஒரு பேரரசன் மலையைக் குடைந்து விடை எழுதி வைத்திருக்கிறான்.

மலை கேட்ட மகாதேவர்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் தாயுமானவரைத் தரிசித்து, உச்சிப் பிள்ளையாரை நோக்கி மேலே ஏறும் வழியில் ஒரு குடைவரைக் கோயில் உள்ளது. மூச்சு வாங்க ஏறுபவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்தது அது. லலிதாங்குரன் என்பது அவனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. அப்பெயராலேயே அக்கோயில் லலிதாங்குர பல்லவேச்வர கிருகம் என்று வழங்கப்பட்டது. உள்ளே, வானிலிருந்து இறங்கும் கங்கையைத் தம் சடையில் ஏற்றருளும் கங்காதர மூர்த்தியின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. தமிழகத்துப் பழஞ்சிற்பங்களுள் தலைசிறந்தவற்றில் ஒன்றாக அறிஞர்கள் அதைப் போற்றுகின்றனர்.

அங்கே வடமொழியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுச் செய்யுள்கள் உள்ளன. 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியிலேயே அவை அச்சேறிவிட்டன. அவற்றுள் ஒன்றின் கருத்து இது: சிவபெருமான் மன்னனிடம், தரையில் அமைந்த கோயிலில் இருந்துகொண்டு சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் தாம் காண்பது எப்படி என்று வினவினாராம். அதைக் கேட்ட குணபரன், அதாவது மகேந்திரவர்மன், மேகத்தைத் தொடும் இந்த மலைக்கோயிலை அவருக்கு அளித்தானாம்.

இன்னொரு செய்யுள் இதைவிடச் சுவையானது. இறைவனுக்கு நதிகளின் மீது விருப்பம் அதிகம். ஏற்கெனவே கங்கையைத் தலையில் வைத்திருப்பவர். பூந்தோட்டங்களை மாலையாக அணிந்து ஓடும் காவிரியைக் கண்டால் அவள் மீதும் மனம் செல்லுமோ என்று உமையம்மைக்கு ஐயம் வந்துவிட்டது. ஆகவே பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே தங்கி, இந்த நதி பல்லவ மன்னனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அச்செய்யுளின் கற்பனை.

சோழ நாடு அப்போது பல்லவர் ஆட்சியின் கீழ் இருந்தது. ஆகவே அந்தச் செய்யுள்களில் வெற்றி பெற்ற மன்னனின் பெருமிதமும் கலந்தே இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமிதத்தை அவன் வெளியிட்ட முறையைக் கருத வேண்டும். தான் வென்ற நாட்டைத் தான் நின்று பார்ப்பதற்கு அவன் அங்கே ஒரு மாடம் கட்டிக்கொண்டதாகக் கல்வெட்டு கூறவில்லை. அந்த ஊரிலேயே மிகச் சிறந்த காட்சி தெரியும் இடத்தை இறைவனுக்குக் கொடுத்ததாகவே கூறுகிறது.

இன்றும் அம்மலையின் உச்சியில் நின்றால் காவிரியும் கொள்ளிடமும் தெரிகின்றன. அவற்றின் நடுவே திருவரங்கமும் திருவானைக்காவும் தோப்புகளிடையே எழுகின்றன. 1987-ஆம் ஆண்டில் நிறைவு பெற்ற திருவரங்கத்தின் 236 அடி உயர இராஜகோபுரமும் கண்ணுக்குப் புலனாகிறது. படியேறிய களைப்பு தீர அடியவர்கள் அங்கே நின்று காணும் அந்தக் காட்சி முதலில் இறைவனுக்காக ஒதுக்கப்பட்டது. அடியவருக்குக் கிடைப்பது அதன் பிரசாதமே.

மன்னர் மாடங்கள்

அழகிய காட்சியைக் காண்பதற்கென்றே கட்டடம் எழுப்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். இத்தாலி நாட்டார் இத்தகைய மாளிகைகளுக்கு அழகிய காட்சி என்னும் பொருளில் 'பெல்வெடேர்' என்றே பெயரிட்டனர். போப்பாண்டவர் வாழும் வத்திக்கானிலும் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரில் ஒரு மாளிகை எழுந்தது. ஜெய்ப்பூரில் மன்னர் பிரதாப் சிங் 1799-இல் கட்டிய ஹவா மகாலில் 953 சிறு சாளரங்கள் உள்ளன. அரண்மனை மகளிர் பிறர் கண்ணில் படாமல் தெருவின் ஊர்வலங்களைக் காண்பதற்காக அமைந்தவை அவை. காற்றும் அவற்றின் வழியே புகுந்து மாளிகையைக் குளிர்விக்கும்.

தமிழர்க்கும் இது புதிதன்று. பூம்புகாரின் செல்வக் குடியினர் உயர்ந்த மாடங்களும் அவற்றின் மேல் நிலா முற்றங்களும் அமைத்து வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலனும் கண்ணகியும் தென்றல் புகுந்த மாடத்திலிருந்து நிலா முற்றத்திற்கு ஏறிச் சென்றதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். இயற்கை மலை இல்லாத ஊர்களில் மண்ணையும் கல்லையும் குவித்துச் செய்குன்றுகள் அமைக்கும் வழக்கமும் பழைய இலக்கியங்களால் தெரிய வருகிறது.

பிற்காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, பட்டுக்கோட்டைக்கு அப்பால் சேதுபாவாசத்திரத்தை அடுத்த கடற்கரையில் மனோரா என்னும் கோபுரத்தை எழுப்பினார். எட்டு அடுக்குகளும் அறுகோண வடிவமும் கொண்டது அது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவுச் சின்னமாக 1814-15-ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. அரச குடும்பத்தார் அங்கே வந்து தங்கிக் கடலைக் கண்டு மகிழ்ந்தனர். ஒரு வெற்றியைக் கொண்டாடக் கட்டிய கோபுரம் அது. இன்று அங்கே செல்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த வெற்றி நினைவிருக்கும்? கடலும் காற்றும் மட்டும் மாறாமல் இருக்கின்றன.

இவற்றில் குறை காண ஒன்றுமில்லை. வசதி படைத்தவர்கள் நல்ல காற்றையும் காட்சியையும் நாடுவது இயல்பே. ஆனால் அரண்மனையின் நிலா முற்றத்திற்கு ஊரிலுள்ள ஏழைக் கிழவி ஏறிவிட முடியாது. கோயில் மண்டபத்திலோ அவளும் அமரலாம். கட்டடக் கலை ஒன்றாகவே இருந்தாலும், யாரை முன்னிட்டுக் கட்டினார்கள் என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது.

நீரின் நடுவே ஓர் ஆசனம்

மலை எல்லா ஊர்களிலும் இல்லை. மலை இல்லாத ஊர்களில் முன்னோர் குளத்தை வெட்டி, அதன் நடுவே மண்டபத்தை எழுப்பினர். நீராழி மண்டபம் என்றும் மைய மண்டபம் என்றும் அதற்குப் பெயர். மயிலைக் கபாலீச்வரர் திருக்குளத்திலும் அல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாளின் கைரவிணியிலும் சென்னைவாசிகள் அன்றாடம் காண்பது இதையே.

அதன் அமைப்பு எளிமையானது. நீருக்கு மேலே உயர்த்திய கருங்கல் மேடை. அதன் மேல் தூண்கள். தூண்கள் தாங்கி நிற்கும் தளம், சில இடங்களில் அதற்கு மேல் ஒரு சிறு விமானம். சுவர் என்பது பெரும்பாலும் கிடையாது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் நீரைத் தொட்டுத்தான் மண்டபத்திற்குள் நுழைய வேண்டும். நீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதற்கும் இதுவே காரணம். தளத்தின் விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கை, உச்சி வெயிலின் கூச்சத்தையும் சாய்ந்து அடிக்கும் சாரலையும் தடுக்கும். மின்விசிறி அறியாத காலத்தில் உற்சவ மூர்த்திக்கு அமைக்கப்பட்ட கோடை இருக்கை அது.

இதன் பெரு வடிவத்தை மதுரையில் காணலாம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம், ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமும் அதற்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. நடுவே மரங்கள் சூழ்ந்த மைய மண்டபம். தைப்பூசத்தன்று அன்னை மீனாட்சியும் சுந்தரேச்வரரும் தெப்பத்தில் வலம் வந்து, மைய மண்டபத்தில் இளைப்பாறி, இரவில் விளக்கொளியில் மீண்டும் தெப்பமேறுவர். நான்கு கரைகளிலும் திரண்டிருக்கும் மக்கள் இறைவனைக் காண்கின்றனர். அதே வேளையில் நீரின் நடுவே இருக்கும் இறைவனுக்கு நான்கு கரைகளும் தெரிகின்றன. கருவறையில் அடியவர் வரிசையில் வந்து ஒரு நொடி தரிசித்து நகர்கின்றனர். தெப்பத்தன்று ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அவர் பார்வையில் இருக்கிறது.

அதே மன்னர் மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே எழுப்பிய புதுமண்டபம் வசந்த விழாவிற்கானது. வைகாசி வெயிலில் அம்மையும் அப்பனும் அங்கே எழுந்தருளுவர். மண்டபத்தைச் சுற்றி நீர் நிரப்புவதற்கென்றே கல்லால் ஓர் அகழி அமைத்தனர். குளத்தின் நடுவே மண்டபம் என்னும் அமைப்பையே ஊரின் நடுவில் சுருக்கிக் கொண்டுவந்த ஏற்பாடு அது.

இறைவன் நதியைத் தேடிச் செல்லும் வழக்கமும் உண்டு. ஆடி மாதத்தில் திருவரங்கம் நம்பெருமாள் காவிரிக் கரையிலுள்ள அம்மா மண்டபத்திற்கு எழுந்தருளுகிறார். பெருகி வரும் காவிரிக்குப் புடவை, மஞ்சள், குங்குமம், மாலை முதலிய சீர்வரிசை அவர் சார்பில் அளிக்கப்படுகிறது. மலைமேல் இருக்கும் சிவனாரும் ஆற்றிடைத் தீவில் இருக்கும் அரங்கனாரும் ஒரே காவிரியையே பார்க்க விரும்பினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இராமேசுவரத் தீவின் உயரமான இடமாகிய கந்தமாதன பர்வதம் உண்மையில் ஒரு மணல் மேடு. அதன் உச்சியில் இரண்டு அடுக்கு மண்டபம் நிற்கிறது. உள்ளே இராமபிரானின் திருவடிகள். மேல் அடுக்கில் நின்றால் தீவும், இராமநாதசுவாமி கோயிலின் கோபுரமும், அவற்றுக்கு அப்பால் கடலும் தெரியும். சீதையைப் பிரிந்த இராமபிரான் இலங்கைத் திசையை நோக்கி நின்ற இடம் என்று யாத்திரிகர்கள் அதைப் போற்றுகின்றனர். அங்கே காட்சி என்பது இன்பத்திற்காக மட்டும் அமைந்ததன்று. பிரிந்தவர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஓர் ஆறுதல். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளை நினைத்து மொட்டை மாடியில் நின்று விமானங்களைப் பார்க்கும் முதியவர்களுக்கு அந்த மண்டபத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நீர்மலையின் கருணை

இனித் திருநீர்மலைக்குத் திரும்பலாம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றாகிய இத்தலத்தில் திருமால் நான்கு திருக்கோலங்களில் சேவை சாதிக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணராக நிற்கிறார். மலைமேல் நரசிங்கராக வீற்றிருக்கிறார்; அரங்கநாதராகக் கிடக்கிறார்; உலகளந்த பெருமாளாக நடக்கிறார். நின்ற கோலத்தை நறையூரிலும், இருந்த கோலத்தைத் திருவாலியிலும், கிடந்த கோலத்தைக் குடந்தையிலும், நடந்த கோலத்தைக் கோவலூரிலும் கண்ட திருமங்கையாழ்வார், அந்த நான்கையும் ஒருசேரக் கண்ட தலம் இது.

ஆனால் அவருக்கு அந்தக் காட்சி உடனே கிட்டவில்லை. அவர் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தது. நீர் வடியும் வரை ஆறு மாத காலம் காத்திருந்தே மலையேறினார் என்பது தலத்தின் வரலாறு. நீர்மலை என்ற பெயரும் அதனாலேயே வந்ததென்பர். கட்டுமானம் எதுவுமின்றி இயற்கையே இறைவனுக்கு அமைத்துக் கொடுத்த நீராழி மண்டபம் என்று இம்மலையைச் சொல்லலாம்.

ஆழ்வார் ஆறு மாதம் என்ன செய்திருப்பார்? எதிரே மலை, நடுவே நீர், மலைமேல் அவர் நாடி வந்த பெருமாள். தரிசிக்க இயலாத நாள்களில் அவருக்குக் கிடைத்தது அந்தக் காட்சி மட்டுமே. முழங்கால் வலியால் அடிவாரத்தில் தங்கிவிடும் முதியவர்களின் நிலையும் அதுதான். அவர்களுக்கென்றே அமைந்ததுபோல் நீர்வண்ணர் கீழே நிற்கிறார். மேலே கிடந்தும் இருந்தும் நடந்தும் சேவை தருபவர், ஏற முடியாதவர்களுக்காகக் கீழே நின்று காத்திருக்கிறார் என்று கொள்வதில் பிழையில்லை.

திருமுடிவாக்கத்தின் அடுக்குமாடி வீடுகளில் இன்று வாழும் மூத்த குடிமக்களில் பலர் வேறு ஊர்களிலிருந்து பிள்ளைகளோடு வந்து குடியேறியவர்கள். பிறந்த ஊரில் திண்ணையில் அமர்ந்தால் கோயிலும் குளமும் தெரியும். இங்கே திண்ணை இல்லை. மாலையில் மொட்டை மாடிக்குச் சென்று கிழக்கே திருநீர்மலையையும் வடக்கே குன்றத்தூர் முருகன் குன்றையும் நோக்கிக் கைகூப்புகின்றனர். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொல்லி வைத்தவர்கள், ஏற இயலாதவர்களையும் எண்ணியே சொல்லியிருக்க வேண்டும்.

எதிரே இருப்பது என்ன?

சிறுவனின் கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. ஆம், பெருமாள் பார்க்கிறார். பார்ப்பதற்காகவே அவருக்கு மலையும் மண்டபமும் அளிக்கப்பட்டன. ஆனால் அந்த விடையோடு இன்னொரு கேள்வியும் பிறக்கிறது. அவர் இப்போது எதைப் பார்க்கிறார்?

வண்டியூர்த் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. சிறுவர்கள் அதனுள் கிரிக்கெட் ஆடினர். நீரில்லாத ஆண்டுகளில் சுவாமி நிலைத்தெப்பத்தில் எழுந்தருள நேர்ந்தது. நீரின் நடுவே இருக்க வேண்டிய மைய மண்டபம் பொட்டலின் நடுவே நின்றது. மண்டபத்தில் ஒரு கல்லும் குறையவில்லை; ஆயினும் அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயன் இல்லாமல் போயிற்று. பின்னர் நீர்வரத்துக் கால்வாய் சீரமைக்கப்பட்டு, வைகை நீர் வந்து சேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் குளம் மீண்டும் நிரம்பி, தெப்பம் மிதந்தது. மதுரையின் முதியவர்கள் கரையில் நின்று கண்ணீர் மல்கக் கண்ட காட்சி அது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. காட்சிக்கென்று கட்டிய மண்டபத்தைப் புதுப்பிக்க வண்ணம் பூசினால் மட்டும் போதாது. அதன் எதிரே இருக்கும் நீரையும் மரத்தையும் வெளியையும் காக்க வேண்டும். அவையும் திருப்பணியில் அடங்கியவை.

அடையாற்றின் நிலையைக் கரையோர ஊரார் அறிவர். மழைக்காலத்தில் ஆறாகவும் மற்ற மாதங்களில் கழிவுநீர் வழியாகவும் அது ஓடுகிறது. நீர் தங்க வேண்டிய தாழ்நிலங்களில் கட்டடங்கள் எழுந்துவிட்டன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் பெருமழையும் சேர்ந்து ஆறு கரை புரண்டபோது, வீட்டைச் சுற்றி நீர் சூழ்வது எப்படியிருக்கும் என்பதைத் திருமுடிவாக்கம் முதலிய ஊர்களின் மக்கள் நேரில் கண்டனர். ஆழ்வார் நீருக்கு வழிவிட்டுக் காத்திருந்தார். பின் வந்தவர்கள் காத்திருக்கவும் இல்லை, வழிவிடவும் இல்லை.

இவையெல்லாம் அரசும் அதிகாரிகளும் செய்ய வேண்டியவை என்று ஒதுங்கிவிடுவது எளிது. பெரிய பணிகள் அவர்களுடையவைதாம். ஆனால் திருக்குளத்தில் மிதக்கும் பொருள்களில் பெரும்பகுதி பக்தர்கள் கொண்டுவந்து சேர்த்தவை. வாடிய மாலைகள், அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக் பைகள், எண்ணெய் வழியும் அகல்கள். குளக்கரை அரசமரத்தடியில் சாய்த்து வைக்கப்படும் கண்ணாடி உடைந்த சுவாமி படங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வராத பொருளைப் பெருமாளின் கண்ணெதிரே வைத்துவிட்டு வருவது எந்த வகைப் பக்தி? நிர்மாலியப் பூக்களைத் துளசிச் செடிக்கோ, வாசலில் உள்ள மரத்திற்கோ உரமாக இடலாம். மாடி வீடுகளில் ஒரு பூந்தொட்டி போதும்.

முதியவர்கள் செய்யக்கூடிய இன்னொரு தொண்டும் உண்டு. தரிசனம் முடிந்ததும் கோயிலில் சற்று அமர்ந்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. மண்டபங்கள் அதற்காகவும் கட்டப்பட்டவை. இன்று பிள்ளைகள் வண்டியை நிறுத்திய இடத்தை எண்ணிக்கொண்டே வலம் வருகின்றனர். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதிரே தெரியும் குளத்தையும் மலையையும் காட்டி, அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டியவர்கள் பாட்டிமாரும் தாத்தாமாருமே. பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது கெட்டுப்போவது உறுத்தும். குளத்தை ஒருநாளும் நின்று பார்க்காத தலைமுறை, அது தூர்ந்து போனாலும் கவனிக்காது.

ஆகவே மலைமேல் நின்று வேடிக்கை பார்த்த சிறுவனைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பி நின்று அவர் பார்க்கும் திசையைத் தானும் பார்த்தான். அவ்வளவே.

பாட்டி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேரனை அருகே அமர்த்திக்கொண்டார்.

"பார்ப்பாருடா கண்ணா. எல்லாத்தையும் பார்ப்பாரு. நான் உங்க அப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு ஏறினப்ப, மேலேயிருந்து பார்த்தா வயலும் தண்ணியுமாத்தான் தெரியும். இப்ப என்ன தெரியுதுன்னு நீதான் எனக்குச் சொல்லணும். ஆத்துல தண்ணி எப்படி இருக்கு?"

பையன் யோசித்தான். "கறுப்பா இருக்கு பாட்டி. குப்பையும் இருக்கு."

"குளத்துல?"

அவன் எழுந்து சென்று, கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். "அங்கேயும் பிளாஸ்டிக் பை மிதக்குது."

மகன் பாட்டியின் மடியிலிருந்த பூப்பையை நோக்கிக் கை நீட்டினார். "குடும்மா, குளத்துல போட்டுட்டு வந்துடறேன். நேரமாச்சு."

பாட்டி பையின் வாயை இறுக முடிந்து, தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா. வீட்டுத் தொட்டியில போட்டுக்கலாம்" என்றார். பிறகு பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்து, நீர்வண்ணர் சந்நிதியை நோக்கி இன்னொரு முறை கைகூப்பினார்.